தொபியாஸின் கயிறு

ஜனவரி 31, செவ்வாய்

முங்கு 9. ஆழம் ஆறு பாகம். தண்ணீர் தெளிவு. காற்று லேசான வாடை. மீன்: விளமீன் 2, ஓரா 1. விபத்து 1.

துறைமுகக் காண்ட்ராக்டரிடம் முங்கு வேலை பார்த்த காலத்தில் தினமும் இப்படி, எத்தனை தடவை முங்கினோம், எத்தனை ஆள் ஆழம் போனோம் என்று எழுதி வைக்கச் சொல்வார்கள். அந்த வேலையை விட்டுப் பதினேழு வருடமாகிறது, பழக்கம் மட்டும் விடவில்லை. இன்றைக்கு நடந்ததை நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். கரையிலிருந்து மூன்று மைல் தள்ளி, நாங்கள் மணிப்பார் என்று சொல்கிற கடலடிப் பாறைத் திட்டு. வள்ளத்தில் நானும் என் மச்சினன் தொபியாஸும் மட்டும். நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மீன் சுடுகிற கம்பித் துப்பாக்கியோடு கீழே போனேன். அவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மேலே மிதந்தான். பாறைக்கு அடியில் ஒரு கலவா மீன். அது திரும்பக் காத்திருந்து விசையை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து தொபியாஸ் குறுக்கே வந்துவிட்டான். கம்பி அவன் இடது தொடையில் ஏறி, மறுபக்கம் முனையிலுள்ள முள் தெரிய நின்றது.

கம்பியைப் பிடுங்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அவனை வள்ளத்தில் தூக்கிப் போட்டு, நங்கூரத்தை அறுத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் முள்ளை வெட்டிவிட்டுக் கம்பியை உருவினார்கள். எலும்பில் படவில்லை. நரம்பைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம்.

என் பெண்டாட்டி ரெஜினா தன் தம்பிக்குத் துணையாக அங்கேயே இருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்து கோழிகளை அடைத்தேன். ஒன்று குறைந்தது. பிறகு பார்த்தால் என் காலடியிலேயே நிற்கிறது.

பிப்ரவரி 1, புதன்

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து விசாரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் தொபியாஸ் சொன்னான்: "நாந்தான் சார் குறுக்க போனேன். அத்தான் மேல ஒரு தப்பும் இல்ல."

எழுதிக்கொண்டார். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். கோட்டின் மேல் போட்டால் கோட்டுக்குக் கீழே விழுகிறது. பேனா சரியில்லை.

பிப்ரவரி 3, வெள்ளி

ரெஜினா துணி மாற்ற வீட்டுக்கு வந்தாள். சோற்றை வடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அவன் மேலல்லா நிப்பான். கீழ எப்பிடி வந்தான்?"

"தண்ணிக்குள்ள நடக்கது ஒனக்கு என்ன தெரியும்" என்றேன்.

அவளுக்குத் தெரியாதுதான். ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிற ஆறு ஜோடிகளைத் தவிர யாருக்கும் தெரியாது. மரக்கட்டை, இரண்டு ரப்பர், நாலரை அடிக் கம்பி, இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். புதிதாக வருகிறவன் மீன் கைக்கெட்டுகிற தூரம் என்று சுடுவான், கம்பி பாதி வழியில் செத்துப்போய்த் தொங்கும். மீனைத் துரத்தவே கூடாது. தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். நாம் சும்மா கிடந்தால் அதற்குத்தான் நம்மைப் பார்க்க ஆசை வரும். வந்து விலாவைக் காட்டும். அப்போது கையை நீட்டி, கம்பியின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டி, செவுளுக்குப் பின்னால் ஒரு விரற்கடை. அவ்வளவுதான். ரப்பரைத் தண்ணீருக்குள் போன பிறகுதான் இழுத்து மாட்ட வேண்டும், வள்ளத்தில் வைத்து மாட்டுகிறவனைச் செருப்பால் அடிக்க வேண்டும். முப்பது வருடத்தில் என் கம்பி மீனைத் தவிர வேறு எதிலும் ஏறியதில்லை.

இதுவரை.

பிப்ரவரி 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். திருகாணி கீழே விழுந்து, தேடி எடுக்க அரை மணி நேரமாயிற்று.

போலீஸ்காரர் அன்றைக்குக் கேட்டார், கயிறு பிடிக்கிறவர் ஏன் உங்கள் மச்சினன் என்று. எங்கள் ஊரில் அப்படித்தான். கீழே போகிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளின் தாலியை எவனும் அலட்சியமாகப் பிடிக்கமாட்டான் என்பது கணக்கு. இன்னொன்றும் உண்டு. கீழே போகிறவன் மூச்சைப் பிடிக்கும்போது மேலே இருக்கிறவனும் பிடிக்க வேண்டும். கடிகாரம் எல்லாம் கிடையாது. மேலே இருக்கிறவனுக்கு மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு தடவை இழுப்பான். போதும், வா என்று அர்த்தம். இரண்டாம் தடவை இழுத்தால் மீனாவது மண்ணாவது, விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். அதற்கும் வராவிட்டால் ஆளையே இழுத்துவிடுவான். கீழே நாலு விநாடி பேராசைப்பட்டு மயங்கிச் செத்தவர்கள் இரண்டு பேர் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள்.

அன்றைக்குத் தொபியாஸ் ஒரு தடவை இழுத்தான். முதல் நாள் எழுத விட்டுப்போய்விட்டது.

பிப்ரவரி 12, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஊர்க் கமிட்டி கூடியது. தொபியாஸை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். இரண்டு பக்கமும் ஊன்றுகட்டை வைத்துக்கொண்டு நின்றான். தலைவர் மச்சாடு கேட்டார், இவன் மறுபடியும் அதையே சொன்னான். மீன் பெரிதாக இருந்தது, பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டுக் குறுக்கே போய்விட்டேன் என்று. பதினாலு வருடம் கயிறு பிடித்தவன் சொல்கிற காரணமா இது. சின்னப் பிள்ளைகூட நம்பாது. இவர்கள் நம்பினார்கள்.

மச்சாடு என்னைப் பார்த்து, "என்ன கஸ்பார், அப்படித்தானா?" என்றார்.

"அவன் சொன்னதுதான்" என்றேன்.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொன்னது அதுதானே.

துப்பாக்கிக்குக் குறுக்கே வருகிறவன் கையில் கயிறு இருக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. தொபியாஸின் கயிற்றைக் கமிட்டி அறையில் வைத்துவிட வேண்டும், இனி யாருக்கும் அவன் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அவனே தோளில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். இப்படித்தான் முடியும் என்று தெரிந்தே வந்திருக்கிறான். செயலாளர் வாங்கிக் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். நைந்துபோன நீலக் கயிறு. நாலு இடத்தில் முடிச்சு.

மத்தியானம் மீன் குழம்பு. ரெஜினா நன்றாகத்தான் வைத்திருந்தாள். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 15, புதன்

நண்டு வாங்கிச் சமைக்கச் சொல்லி, தூக்குவாளியில் போட்டு ரெஜினா கையில் தொபியாஸ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் பெண்டாட்டி ஜெனிபா வாளியை வாங்கிக்கொண்டாளாம், ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லையாம்.

"அவளுக்கு யார் மேல கோவம்னு தெரியல" என்றாள் ரெஜினா.

"எல்லாத்துக்கும் காரணம் தேடிட்டு இருக்காத" என்றேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

கை மறந்துவிடக் கூடாது என்று படகு கட்டுகிற பாலத்துக்குப் பக்கத்தில் மார்பளவு தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கல்லில் கட்டி நிறுத்திச் சுட்டுப் பார்த்தேன். பத்துக்கு இரண்டு. ரப்பர் தளர்ந்துவிட்டது. புது ரப்பர் கட்டினேன்.

பிப்ரவரி 18, சனி

பத்துக்கு இரண்டு. கம்பி லேசாக வளைந்திருக்கிறது போல. புதுக் கம்பிக்குச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

புது ரப்பர், புதுக் கம்பி. பத்துக்கு ஒன்று. முங்குக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது. அதையும் மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு சைக்கிளைத் தள்ளிவிட்டேன். வழியில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தொபியாஸ் வந்தான். இப்போது ஒரு கட்டையில் நடக்கிறான். பெஞ்சில் எனக்கு இடது பக்கம் இடம் காலியாகக் கிடக்கிறது. அவன் அதில் உட்காராமல், நொண்டிக்கொண்டே சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச காலமாகவே இவனுக்கு இது ஒரு பைத்தியம். வள்ளத்தில் ஆனாலும் சரி, ரோட்டில் ஆனாலும் சரி, என் வலது பக்கம்தான் வேண்டும். எந்த ஜோசியன் சொன்னானோ.

கடையில் ஒருவன் டீயைத் தூக்கிக்கொண்டு போகும்போது, "வழி விடுங்கப்பா, தொபி குறுக்க வந்துரப் போறான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். குறுக்குத் தொபி என்று பெயரே வைத்துவிட்டார்களாம். தொபியாஸும் சேர்ந்து சிரித்தான். எனக்கு டீ கசந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, செவ்வாய்

தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கிறது. போகவில்லை.

மார்ச் 4, சனி

இரண்டு தடவை இழுத்தான்.

மார்ச் 9, வியாழன்

தவக்காலப் பாவசங்கீர்த்தனம். கெட்ட வார்த்தை பேசியது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது, பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமை. சாமியார் "வேற?" என்றார்.

"அவ்வளவுதான் சாமி."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சு சாமி."

மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே சொல்லி முடித்துவிட்டேன்.

மார்ச் 14, செவ்வாய்

மச்சாடு வீட்டுக்கு வந்தார். நல்ல தண்ணீர் ஓடுகிற காலத்தில் நான் சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ரெஜினாவின் சித்தப்பா மகன் இன்னாசியைக் கயிறு பிடிக்கச் சொல்லியிருக்கிறாராம். அவனும் ரெஜினாவுக்குத் தம்பி முறைதான், கட்டுக்குப் பொருந்தும். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், நிதானமான ஆள்.

"இவனாவது குறுக்க வராம நிப்பான்" என்றார் மச்சாடு.

ரெஜினா டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்தாள். வாங்கப் போனேன், கை டம்ளரைத் தட்டிவிட்டது. மச்சாடின் வேட்டி முழுக்கக் காபி. அவர் போன பிறகு ரெஜினா, "பள்ளிக்கூடத்துல கண்ணு முகாம் போட்டப்போ போங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். டம்ளரைச் சரியாக நீட்டத் தெரியாதவளுக்கு என் கண்ணைப் பற்றி என்ன பேச்சு என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டிருக்க வேண்டாம்.

மார்ச் 17, வெள்ளி

முங்கு 4. ஆழம் ஆறு பாகம். தண்ணீர் தெளிவு. மீன் இல்லை.

மணிப்பாருக்கே போனோம். இன்னாசி நன்றாகத்தான் பிடிக்கிறான். கயிறு தொய்வும் இல்லை, இறுக்கமும் இல்லை.

முதல் மூன்று முங்கில் மீன் பக்கத்திலேயே வரவில்லை. நாலாவது தடவை அதே பாறைக்குப் பக்கத்தில் கிடந்தேன். தரையில் வயிற்றை வைத்து, துப்பாக்கியை நீட்டி, அசையாமல். என் இடது பக்கத்தில் இருட்டாக ஒன்று வந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினேன். புகை மாதிரி இருந்தது. பெரிதாக இருந்தது. மெதுவாக ஏறி இறங்கியது. விரல் விசைக்குப் போய்விட்டது. கலவாதான் என்று கை சொல்கிறது. இன்னாசியாக இருந்தால்?

என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் உண்மை. ஐந்தடி தூரத்தில் நிற்பது மனிதனா மீனா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தலையை முழுக்கத் திருப்பினேன். கலவாதான். நல்ல பெரிய கலவா. வாலை ஒரு உதறு உதறிவிட்டுப் போயிற்று. இன்னாசி மேலே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தான். நான் ரப்பரைக் கழற்றிவிட்டு மேலே வந்தேன்.

"என்ன அத்தான், சுடலையா?" என்றான்.

"வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

ஜனவரி 31 அன்று நடந்ததை இப்போது எழுதுகிறேன். முன்னால் எழுதியிருப்பது சரியில்லை.

அன்றைக்குக் கலவா பாறைக்கு அடியில் போய்விட்டது. நான் அதன் பின்னால் பொந்துக்குள் நுழைந்தேன். பொந்துக்குள் கயிற்றோடு போகக் கூடாது, கயிறு பாறையில் மாட்டும். முப்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். தொபியாஸ் ஒரு தடவை இழுத்தான், எனக்குத் தெரிந்தது. மீன் திரும்பட்டும் என்று கிடந்தேன். இரண்டாம் தடவை இழுத்தான். அதுவும் தெரிந்தது. அப்புறம் ஆளையே இழுக்கப் பார்த்திருக்கிறான், கயிறு பாறையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தன் மூச்சு முழுதாகத் திரும்பும் முன்னாலேயே கீழே இறங்கி வந்திருக்கிறான். பொந்தின் வாசல் எனக்கு இடது பக்கம். அங்கே இருட்டாக ஒன்று அசைந்தது. மீன் வெளியே ஓடுகிறது என்று நினைத்துத் திரும்பிச் சுட்டேன்.

அவன் குறுக்கே வரவில்லை. என்னைக் காப்பாற்ற வந்தான்.

மார்ச் 18, சனி

கண்ணாடி முன்னால் நின்று இடது கண்ணைக் கையால் பொத்தினேன். பக்கத்தில் தொங்குகிற காலண்டர் வரைக்கும் எல்லாம் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். காலண்டரைக் காணவில்லை. சுவரில் வெள்ளையாக என்னவோ இருந்தது. கையை எடுத்தேன், காலண்டர் வந்தது. நாலைந்து தடவை செய்து பார்த்தேன்.

முங்குக் கண்ணாடி, ரப்பர், கம்பி, பேனா, சைக்கிள், டம்ளர். எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டாயிற்று. இனி போட ஒன்றும் மிச்சமில்லை.

மார்ச் 22, புதன்

ரெஜினாவிடம் டவுனில் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் அம்மா சின்ன வயசு. கண்ணுக்குள் பிரஷர் என்றார். கடலுக்கு அடியில் முப்பது வருடம் பிரஷரில் கிடந்தவனுக்குக் கண்ணில் இருந்தால் என்ன என்று கேட்டேன். அந்தப் பிரஷர் வேறு, இது வேறு என்று பொறுமையாகச் சொன்னார்.

"எப்ப இருந்து இடது கண்ணு தெரியல?"

"தெரியலம்மா."

"வலி இருக்காது. ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா போகும். நிறைய பேர் கவனிக்கவே மாட்டாங்க. ஆனா கூட இருக்கறவங்க கவனிச்சிருப்பாங்களே?"

இடது கண் இனி வராது. வலது கண்ணுக்குக் காலையும் இரவும் சொட்டு மருந்து, விடாமல். கடலில் முங்கக் கூடாது என்றார். சரி என்றேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். ஜன்னல் இடது பக்கம் இருந்தது. ஊர் வந்ததே தெரியவில்லை, கண்டக்டர்தான் எழுப்புகிற மாதிரி தோளைத் தட்டினார். நான் தூங்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

தொபியாஸ் வீட்டுக்குப் போனேன். விபத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவை. அவன் பின்வாசலில் ஸ்டூல் போட்டு வலைக்கு ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தான். பதினாலு வருடம் கயிறு பிடித்த கை. ஜெனிபா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"மாப்ள, எனக்கு இடது கண்ணு போயிட்டு" என்றேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்."

"எப்ப?"

"போன வருசம் மாதா திருநாளுக்கு. தேர் இழுக்கும்போது ஒங்க இடது பக்கம் நின்னு மூணு தடவ கூப்பிட்டேன், நீங்க திரும்பல. சத்தத்துல கேக்கலன்னு நெனச்சேன். கையக் காட்டுனேன். அதுவும் தெரியல. அன்னையிலேருந்து வலது பக்கமே நிக்கேன். கீழ எறங்குனாலும் வலது பக்கமாத்தான் எறங்குவேன். அன்னைக்கு அந்தப் பொந்துக்கு வலது பக்கம் வழி இல்ல."

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா" என்றேன்.

"சொன்னா கேப்பியளா? அக்கா கண்ணு முகாமுக்குப் போங்கன்னு சொன்னதுக்கு ரெண்டு நாளு சாப்பிடாம இருந்த ஆளு."

"கமிட்டியில ஏம்ல பொய் சொன்ன?"

அவன் ஈயக் குண்டைக் கீழே வைத்தான். "சொன்னா துப்பாக்கிய எடுத்துருவாவ. துப்பாக்கி இல்லாம ஒங்கள வச்சு அக்கா எப்படி குடும்பம் நடத்துவா? வீட்டுல ஒக்காந்தா நீங்க அவளப் போட்டு வறுத்துருவிய. எனக்கு என்ன, கயிறுதான போச்சு."

கயிறுதான என்று சொன்னான். வாய் சொன்னது, முகம் சொல்லவில்லை.

"ஞாயித்துக் கெழம நான் சொல்லப் போறேன்" என்றேன்.

"வேண்டாம் அத்தான்."

"சொல்லுவேன்."

"சொன்னா நான் ஒங்ககூட பேசமாட்டேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

பூசை முடிந்தது. சாமியாரிடம் கேட்டு, கோயில் படியில் நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வைத்திருந்த தாளை எடுத்தேன், வெயிலில் எழுத்து தெரியவில்லை. மடித்துப் பையில் போட்டுவிட்டு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தொபியாஸ் குறுக்க வரல. கயித்த ரெண்டு தடவ இழுத்தான், நான் வரல. பொந்துக்குள்ள கயித்தோட போனேன். எனக்கு எடது கண்ணு தெரியாது. அத மறச்சேன். என்னக் காப்பாத்த வந்தவன சுட்டேன். அவன் கயித்தக் குடுத்துருங்க."

இவ்வளவுதான் சொன்னேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டீக்கடையில் பெயர் வைத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மச்சாடு கமிட்டி அறையைத் திறந்து, நீலக் கயிற்றை எடுத்து வந்து தொபியாஸிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து, "துப்பாக்கிய சாயங்காலம் கொண்டாந்து வச்சிரு" என்றார். சரி என்றேன்.

தொபியாஸ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தான். வலது பக்கமாகத்தான் வந்தான். "எட்டு வாரமா நான் தூக்கிட்டு நின்னத ஒரு நிமிசத்துல கீழ போட்டுட்டிய" என்றான். போய்விட்டான்.

வீட்டில் ரெஜினா சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"என் தம்பிய சுட்டிய. அது தெரியாம நடந்தது, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவன் வீட்டுக்கு என் கையில தூக்குவாளியக் குடுத்து அனுப்புனிய பாருங்க. நானும் கொண்டு போனேன். வாசல்ல நின்னே அவனப் பாத்து, 'ஏம்ல குறுக்க போன'ன்னு திட்டிட்டு வேற வந்தேன். அவன் சிரிச்சிட்டு இருந்தான். அத எப்படி நான் மறக்க?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். சாயங்காலம் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ரப்பரைக் கழற்றி, கமிட்டி அறையில் வைத்துவிட்டு வந்தேன். கயிறு தொங்கிய ஆணியில்தான் மாட்டினார்கள்.

மார்ச் 30, வியாழன்

ரெஜினா காலையும் இரவும் சொட்டு மருந்து விடுகிறாள். தலையைப் பிடித்துச் சாய்த்து, விட்டு, போய்விடுகிறாள். பேசுவதில்லை.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

யாரும் கடலுக்குப் போகவில்லை. சிலுவைப் பாதையில் தொபியாஸ் கட்டை இல்லாமல் நடந்தான். காலை லேசாக இழுக்கிறான். நான் பின்னாலேயே நடந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

ரெஜினா ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்து, தூக்குவாளியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டு போங்க" என்றாள். பதினைந்து நாளில் முதல் பேச்சு.

கொண்டு போனேன். ஜெனிபா வாளியை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க அண்ணே" என்றாள். தொபியாஸ் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நானும் உட்கார்ந்து பார்த்தேன். விளம்பரம் வந்தபோது, "புதன் கெழம தண்ணி நல்லாருக்கும்" என்று டிவியைப் பார்த்தே சொன்னான்.

"யாரு முங்க?"

"நாந்தான். ஒங்க துப்பாக்கிய எனக்குத் தாரேன்னு மச்சாடு சொல்லிட்டாரு. எனக்குக் கயிறு பிடிக்க ஜெனிபா அண்ணன் வரணும். அவரு மஸ்கட்ல கெடக்காரு."

"அப்ப யாரு?"

"ஒங்ககிட்டேயிருந்து துப்பாக்கியத்தான் எடுத்தாவ" என்றான். "கயித்தப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லல."

கட்டுக்குப் பொருந்தாது என்றேன். மச்சாடிடம் கேட்டுவிட்டேன் என்றான். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ரெண்டு தடவ இழுத்தும் வராதவனுக்குத்தான் இழுக்கதோட அருமை தெரியும்னாரு." மச்சாடு அப்படிச் சொல்லியிருப்பாரா, இவன் கட்டிச் சொல்கிறானா தெரியவில்லை.

ஏப்ரல் 12, புதன்

முங்கு: தொபியாஸ் 6, நான் 0. ஆழம் ஐந்து பாகம். தண்ணீர் தெளிவு. காற்று இல்லை. மீன்: ஓரா 2, விளமீன் 1.

மணிப்பாருக்குப் போகவில்லை. அதற்கு இந்தப் பக்கம், பொந்து இல்லாத திட்டு. நான் முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதந்தேன். முங்கக் கூடாது என்றுதான் டாக்டர் அம்மா சொன்னார், மிதக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தொபியாஸை எப்போதும் வலது கண்ணுக்குள் வைத்துக்கொண்டேன். இறங்கும் முன் அவன் மூச்சை இழுத்தான், நானும் இழுத்தேன்.

பதினாலு வருடம் இவன் இதை எப்படிச் செய்தான் என்று தெரியவில்லை. கீழே போகிறவனுக்கு மீன் இருக்கிறது, நேரம் போவது தெரியாது. மேலே இருக்கிறவனுக்குக் கயிறு மட்டும்தான். நாற்பது விநாடியில் நெஞ்சு அடைக்கிறது, கீழே அவன் அசையாமல் கிடக்கிறான். கிடப்பது மீனுக்காகவா, மயக்கத்திலா என்று தெரியாது. பயமாக இருந்தது. எனக்கு இந்த வயதில் கடலில் இப்படிப் பயம் வந்ததில்லை.

நாலாவது முங்கில் ஒரு கலவா அவனுக்கு நேரே வந்தது. என் ஒரு கண்ணுக்கே தெரிந்தது. அது திரும்புகிற நேரம் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இழுத்தேன்.

அவன் மீனை விட்டுவிட்டு மேலே வந்தான். தண்ணீரைத் துப்பினான்.

"என்ன அத்தான், இப்பந்தான் திரும்புச்சு."

"எனக்கு மூச்சு முட்டிட்டு."

"எனக்கு இன்னும் இருந்துச்சே."

"எனக்கு முட்டிட்டு, மாப்ள."

அவன் வள்ளத்தின் விளிம்பைச் சுற்றி நீந்தி என் வலது பக்கம் வந்து பிடித்துக்கொண்டான். அடுத்த முங்குக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தான்.

ரெஜினா விளமீனைக் குழம்பு வைத்தாள். எப்படிப் போச்சு என்று கேட்டாள். சொன்னேன்.

ஆறு தடவை இழுத்தேன். ஆறு தடவையும் முதல் இழுப்பிலேயே வந்துவிட்டான்.